டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் கனோ போட்டி: இடுப்பளவுத் தண்ணீருக்கு இத்தனை விதிகள் எதற்கு?

வாசகர் கேள்வி, ஜனவரி 11

என் தம்பி இந்த ஈஸ்டருக்கு நண்பனோடு சேர்ந்து இங்கிலாந்தின் டிவைசஸ் ஊரிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வரை துடுப்புப் போடப் போகிறான். விதிப் புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. மிதவைச் சட்டை, அவசரப் போர்வைப்பை, விசில், விளக்கு, மாற்றுடை, கைபேசி, கரையில் ஒரு துணைக்குழு, ஊருக்கு ஊர் பதிவு. கால்வாயில் தண்ணீர் இடுப்பளவுதான். விழுந்தால் எழுந்து நடந்தே கரையேறலாம். 1948-இல் போனவர்களுக்கு இதெல்லாம் இருந்ததா? வயது வந்தவன் தன் பொறுப்பில் போகிறேன் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?

ஜனவரி 11, இரவு

கால்வாய் பாதிகூட இல்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 125 மைல், அதாவது சுமார் 200 கிலோமீட்டர். அதில் கென்னட்–ஏவன் கால்வாய் ரெடிங் வரை 54 மைல். அதன்பின் டெடிங்டன் வரை தேம்ஸ் ஆறு. கடைசி 17 மைல் கடல் ஓதம் ஏறி இறங்கும் தேம்ஸ். உங்கள் தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி எடுத்துவிட்டு, உடம்பில் வலு தீர்ந்த நேரத்தில், இருட்டில், ஆழமும் வேகமும் உள்ள ஆற்றுக்குள் நுழைவான். விதிகள் அந்த நேரத்துக்காக எழுதப்பட்டவை.

கால்வாய் என்று பெயர் இருந்தாலும் அந்த 54 மைலும் தேங்கிய தண்ணீர் அல்ல. நியூபெரியை நெருங்கும்போதே கென்னட் ஆறு உள்ளே வரத் தொடங்கிவிடும். பிறகு ரெடிங் வரை ஆறும் கால்வாயும் சேர்வதும் பிரிவதுமாகவே போகும். மழைக்காலம் முடிந்த மார்ச், ஏப்ரலில் அந்த இடங்களில் நீரோட்டம் படகின் மூக்கைத் திருப்பிவிடும்.

ஜனவரி 12

1948 பற்றி. டிவைசஸ் ஊரின் ரோவர் சாரணர்கள் 100 மணி நேரத்துக்குள் வெஸ்ட்மின்ஸ்டரை அடைவதாகச் சவால் ஏற்று, 90 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்தார்கள். உணவையும் முகாம் சாமான்களையும் படகிலேயே சுமந்தார்கள். பிறகு அது ஆண்டுதோறும் நடக்கும் போட்டியானது. நீங்கள் சொல்வதுபோல வெறுங்கையோடு போகவில்லை. கூடாரமும் உலர்ந்த துணியும் அடுப்பும் அவர்களுடனேயே இருந்தன. குளிர்ந்தால் கரையேறி நெருப்பு மூட்டலாம்.

இன்றைய சீனியர் இரட்டையர் பிரிவில் இரவு முழுக்க நிற்காமல் போகிறார்கள். 1979-இல் பிரையன் கிரீன்ஹாமும் டிம் கார்னிஷும் 15 மணி 34 நிமிடத்தில் முடித்தார்கள். வேகம் வேண்டுமென்று எடை முழுவதையும் படகிலிருந்து இறக்கிக் கரையில் வைத்தார்கள். அந்த எடையைத்தான் இப்போது துணைக்குழு காரில் கொண்டுபோகிறது. துணைக்குழு கட்டாயம் என்பது பழைய கூடாரத்துக்குப் பதிலாக வந்த விதி. அதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

ஜனவரி 12, மாலை

ஒருவர் கேட்டார்: கேன் ஹில் படிக்கட்டு மதகுகளையும் கடக்க வேண்டுமா? வேண்டாம். புகைப்படங்களில் வரும் அந்த 29 மதகுத் தொடர் டிவைசஸுக்கு மேற்கே இருக்கிறது. போட்டி கிழக்கே போகிறது. டிவைசஸ் துறையிலிருந்து வூட்டன் ரிவர்ஸ் வரை சுமார் 15 மைலுக்கு லாக் மதகே, அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் அடைப்பே, கிடையாது.

அது நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம். முதல் முறை வருபவர்கள் அந்த 15 மைலில்தான் கொண்டாட்டமாக வேகமெடுத்து, ராத்திரிக்கு வேண்டிய வலுவைச் செலவழித்துவிடுகிறார்கள்.

ஜனவரி 18

குளிர் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். நம் ஊரில் ஆற்றில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இது மனத்தில் ஏறுவதில்லை. தாமிரபரணியில் விழுந்தால் நீந்தத் தெரியுமா என்பதுதான் கேள்வி. இங்கே ஈஸ்டர் நேரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரி. நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அதில் நீந்த முடியாமல் போகும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. விருட்டென்று உள்ளே இழுக்கும் மூச்சில் தண்ணீரும் போகலாம். அடுத்த பத்து நிமிடம் வரை கைகால்கள் நாம் சொல்வதைக் கேட்கும். பிறகு விரல்கள் கயிற்றைப் பிடிக்காது. உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். தேம்ஸ் தண்ணீரில் இந்த எண்கள் சற்று நீளும், வரிசை மாறாது. ஆக, பலர் நினைப்பதுபோல உடல் குளிர்ந்து சாவது முதல் ஆபத்தல்ல. முதல் நிமிடத்தில் முகம் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். மிதவைச் சட்டை செய்யும் வேலை அதுதான். நீச்சல் தெரிந்தவருக்கும் அது தேவைப்படுவதன் காரணம் இதுவே.

இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நடக்கலாம் என்றீர்கள். நடக்கலாம். நடந்து கரையேறியபின் நனைந்த உடலோடு, காற்றில், விடியற்காலை மூன்று மணிக்கு என்ன செய்வீர்கள்? அருகில் கார் வரும் சாலை அடுத்த பாலத்தில்தான் இருக்கும். அது ஒரு மைல் தள்ளியும் இருக்கலாம். போர்வைப்பை அந்த ஒரு மைலுக்கானது.

ஜனவரி 19

நேற்றைய குறிப்புக்குச் சேர்க்கை. விழாமலே குளிரில் சிக்குவார்கள். நான் துணைக்குழுவில் நின்றபோது பார்த்தவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான். துடுப்பிலிருந்து வழியும் நீர் முழங்கை வழியே இடுப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். உழைக்கும்வரை உடல் சூடாக இருக்கும். சாப்பாடு குறைந்து வேகம் தளர்ந்ததும் அரை மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நடுக்கத்தை மட்டும் பார்க்க வேண்டாம். நாக்கு தடித்தாற்போலப் பேசுவார். எப்போதும் அரட்டை அடிப்பவர் மௌனமாகிவிடுவார், சாந்தமானவர் எரிந்து விழுவார். வாழைப்பழத் தோலை உரிக்கத் தெரியாமல் கையில் வைத்திருப்பார். நடுக்கம் நின்றுபோய், “எனக்குக் குளிரவில்லை” என்று சொன்னால் அதுதான் மிக மோசமான அறிகுறி. உடனே நிறுத்த வேண்டும்.

ஜனவரி 27

“சொந்தப் பொறுப்பு” என்பதற்கு வருகிறேன். இதை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. வயது வந்தவர்கள் ஆபத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மலையேறுகிறார்கள், கடலில் தனியாகப் பாய்மரம் ஓட்டுகிறார்கள்.

ஆனால் இந்தப் போட்டியில் ஒருவர் காணாமல்போனால் தேடப் போவது யார்? ஒரு படகுக்குழு நள்ளிரவில் போதும் என்று முடிவெடுத்து, பாலத்தடியில் கரையேறி, காரில் ஏறி வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய பதிவு நிலையில் அவர்கள் பெயர் இருந்தது, அடுத்ததில் இல்லை. நடுவில் இரண்டு தடுப்பணைகள். அந்த இருட்டில் டார்ச்சோடு கரையில் நடந்தவர்களில் நானும் ஒருவன். தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு மரக்கிளையையும் மனிதக் கை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு போனோம். மீட்புப் படகில் இருந்தவர்கள் தடுப்பணைக்கு எவ்வளவு பக்கத்தில் போனார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் உயிரும் அந்தக் குழுவின் “சொந்தப் பொறுப்பில்” சேருமா?

விலகினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற விதியை எத்தனை கடுமையாக வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

பிப்ரவரி 3

லாக் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வழி நெடுக 77 இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். பெரும்பாலானவை லாக் மதகுகள், சில தாழ்வான சுழல் பாலங்கள். போட்டியாளர் மதகுக்குள் நுழையக் கூடாது. முன்பே கரையேறி, படகைச் சுமந்து ஓடி, கீழ்ப்பக்கம் இறக்கி ஏற வேண்டும். சுமப்பது போட்டியாளர்களின் வேலை.

ஆபத்து எங்கே? ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பாருங்கள். லாக்கை ஒட்டி உபரி நீர் வழியும் ஒரு வாய்க்கால் இருக்கும். பகலில் அது சலசலக்கும் சின்ன ஓடை. இரவில், களைத்த நிலையில் அதன் வாய்க்கு முன்னால் குறுக்கே நின்ற படகை அது உள்ளே இழுக்கும். அடுத்தது கரைக் கற்கள். பாசியும் உறைபனியும் சேர்ந்தால் கால் நிற்காது. தலையில் அடிபட்டு விழுந்தவருக்கு இடுப்பளவுத் தண்ணீர் தேவைக்கு மேல் ஆழம்.

வூல்ஹாம்டனைத் தனியாகச் சொல்ல வேண்டும். லாக்குக்குக் கீழே கென்னட் ஆறு பக்கவாட்டில் வந்து பாயும், சற்றுத் தள்ளி ஒரு சுழல் பாலம். பெரிய படகு ஓட்டுபவர்களுக்கே அங்கே எச்சரிக்கை கொடுப்பார்கள்: லாக்கை விட்டுக் கிளம்பும் முன் பாலத்தைத் திறந்து வைத்துவிடு, கிளம்பியபின் நிற்க முடியாது. மழைக்குப்பின் ஒரு பகலில் உங்கள் தம்பியை அங்கே கூட்டிப்போய்க் கரையில் நிற்க வையுங்கள். எந்த விதியையும் விளக்க வேண்டியிருக்காது.

ப்ரூஸ் சுரங்கம் இதற்கு நேர்மாறு. 459 மீட்டர் நீளம், உள்ளே கரைப்பாதை கிடையாது, கும்மிருட்டு. பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். அங்கே நீரோட்டமே இல்லை. சுவரில் இடிக்காமல், விளக்கைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் போனால் முடிந்தது.

பிப்ரவரி 4

படகுக்குள் மிதவை நிரப்புவது தனி விதி. இதைப் பலர் ஒப்புக்குச் செய்கிறார்கள். இருவர் ஓட்டும் கே-2 கயாக் 6.5 மீட்டர் நீளம், அகலம் மிகக் குறைவு, எடை 20 கிலோகூட வராது. தண்ணீர் நிறைந்தால் நூற்றுக்கணக்கான கிலோ. மூக்கிலும் வாலிலும் மிதவைப் பைகள் இறுக்கமாக இருந்தால் படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு உதைத்து வரலாம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் படகு செங்குத்தாக நிற்கும். வீட்டருகே ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். பை பிதுங்கி வெளியே வருகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பிப்ரவரி 17

நியூபெரியில் வாட்டர்சைட் பயிற்சிப் போட்டிக்குப் போய்வந்த கையோடு எழுதுகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் இந்தத் தொடரைத் தவிர்த்துவிட்டு நேரடியாக ஈஸ்டருக்குப் போகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. தம்பியின் குழுவும் துணைக்குழுவும் ஒன்றாக வேலை செய்யக் கற்பது இங்கேதான்.

சாப்பாடு கொடுப்பது தனிக் கலை. குளிரில் விரல் மடங்காதவரிடம் காகிதம் சுற்றிய சாக்லெட்டை நீட்டினால் அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார், சாப்பிட மாட்டார். பிரித்து வாயில் வைக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் பால் சாதம் மாதிரி இனிப்பான ரைஸ் புட்டிங்கைக் கரண்டியால் ஊட்டுகிறார்கள். நாங்கள் உப்புப் போட்ட கஞ்சியை வெதுவெதுப்பாக ஃபிளாஸ்கில் கொண்டுபோனோம், இனிப்பு திகட்டியபின் அது இறங்கியது. கொதிக்கக் கொதிக்கக் கொடுக்காதீர்கள். அவசரத்தில் நாக்கு வெந்தால் அதன்பின் எதுவும் உள்ளே போகாது.

எலிக்காய்ச்சல். நம்மவர்களுக்குத் தெரிந்த நோய்தான், இங்கேயும் உண்டு. எலி மூத்திரம் கலந்த நீர் வெட்டுக்காயம் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே போகும். கையில் கொப்புளம் உடைந்திருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். தண்ணீர் பட்ட கையால் சாப்பிடக் கூடாது. ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தசைவலி, தலைவலி வந்தால் மருத்துவரிடம் “ஆற்றில் துடுப்புப் போட்டேன்” என்ற வாக்கியத்தை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெறும் ஃபுளூ என்று அனுப்பிவிடுவார்கள்.

மணிக்கட்டும். துடுப்பை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு முன்கைத் தசைநாண் உறை வீங்கிவிடும். மடக்கினால் நறநறவென்று உணரலாம். அது வந்தபின் படகை நேராக வைக்க முடியாது. கையைத் தளர்த்திப் பிடிக்கப் பழக வேண்டும், வேறு மருந்தில்லை.

பிப்ரவரி 25

கைபேசி விதி வீண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்: நனைந்த விரலுக்குத் தொடுதிரை வேலை செய்யாது, குளிரில் பேட்டரி போய்விடும். இரண்டும் உண்மை. முதலில் நானும் அப்படியே நினைத்தேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். கைபேசி தண்ணீரில் உள்ளவரைக் காப்பாற்றுவதற்கு இல்லை. கரையேறிப் போர்வைப்பைக்குள் உட்கார்ந்தபின் அது வேலை செய்தால் போதும். தண்ணீரில் இருக்கும்போது விசில்தான். அதுவும் சட்டையில் கட்டி, பல்லால் எட்டிப் பிடிக்கும் உயரத்தில். ஜேபிக்குள் ஜிப் போட்டு வைத்த விசிலைக் குளிர்ந்த விரல் திறக்காது.

மார்ச் 6

ரெடிங்கில் நல்ல வெயில். ஆனால் தேம்ஸ் லாக்குகளில் சிவப்புப் பலகை. “வெயிலடிக்கும்போது எதற்கு எச்சரிக்கை?” என்று கேட்கிறார்கள்.

தேம்ஸ் க்ளாஸ்டர்ஷயரில் பிறந்து வருகிறது. அங்கே பெய்த மழை நம் வீட்டுப் பக்கம் வர நாளாகும். இன்றைய வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது. மஞ்சள் பலகை என்றால் நீரோட்டம் கூடுகிறது, அல்லது குறைகிறது, பலகையிலேயே எழுதியிருக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் கடுமை, எந்தப் படகும் இறங்க வேண்டாம் என்பது அறிவுரை. 2000-இல் வெள்ளப் பெருக்கால் போட்டியே ரத்தானது.

ஓட்டம் வேகமாக இருந்தால் நேரம் குறையுமே என்று உங்கள் தம்பிக்குத் தோன்றும். தோன்றாமல் இருக்காது. அந்த வேகம் அவனை லாக்குக்கு மட்டும் கொண்டுபோகாது. ஒவ்வொரு லாக்கின் அருகிலும் ஒரு தடுப்பணை உண்டு, ஆற்றின் பெரும்பங்கு நீர் அதன் வழியேதான் போகும். ரெடிங்குக்குக் கீழே சானிங் தொடங்கி டெடிங்டன் வரை ஒவ்வொரு முறையும் இருட்டில் சரியான கிளையைத் தேர்ந்து, சரியான கரையைப் பிடித்து நிற்க வேண்டும். ஓட்டம் கூடும்போது ஒரு நொடி தாமதம் பல மீட்டராகிவிடும். மேற்பரப்பு வழுவழுப்பாக, அமைதியாக அணையை நோக்கி வளையும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கீழே உள்ள சுழல் தெரியாது. அதில் சிக்கிய படகைத் தண்ணீர் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும், மிதவைச் சட்டையே போதாது.

ரத்து செய்கிறவர்கள் மேல் கோபப்படுகிறார்கள். ஓராண்டுப் பயிற்சி வீணானால் கோபம் வரத்தான் செய்யும். இருந்தாலும் ரத்து செய்யும் துணிவு இல்லாத ஏற்பாட்டாளரின் போட்டிக்கு என் வீட்டுப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

மார்ச் 15

டெடிங்டன் கணக்கு. அதுவரை வந்தால் மட்டும் போதாது, ஓதம் வடியும் நேரத்தில் வர வேண்டும். ஏறும் ஓதத்தை எதிர்த்து 17 மைல் களைத்த கைகளால் போக முடியாது. அதனால் டெடிங்டனைக் கடக்க ஒரு கால வரம்பு உண்டு. முன்னால் வந்தால் காத்திருக்க வேண்டும், கடிகாரம் நிற்காது. பின்னால் வந்தால் போட்டி அங்கேயே முடிந்தது.

எனவே சீனியர் இரட்டையர்கள் டிவைசஸில் கிளம்பும் நேரத்தைத் தாங்களே தேர்கிறார்கள்: டெடிங்டனிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு. மெதுவான குழு காலையிலேயே கிளம்பும், வேகமான குழு பிற்பகலில். தம் வேகத்தைக் கூட்டிச் சொல்லிக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். நண்பர்களிடம் சொல்லும் வேகம் வேறு, இரவில் மார்லோவுக்கு அப்பால் இருக்கும் வேகம் வேறு. வாட்டர்சைட் போட்டியில் பதிவான நேரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கும் மேல் தாராளமாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஈஸ்டர் ஞாயிறு பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமிக்கு மறுநாளோ இரண்டாம் நாளோ வந்தால் பெரிய ஓதம், ஒரு வாரம் தள்ளி வந்தால் சிறியது. ஒவ்வோர் ஆண்டும் கணக்கு புதிது, சென்ற ஆண்டுத் தாளை எடுத்துக்கொண்டு வராதீர்கள். ரிச்மண்டில் 1894-இல் கட்டிய பாதி ஓத மதகையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உச்ச ஓதத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் அது திறந்திருக்கும். இறக்கிவிட்டால் படகைத் தூக்கியாக வேண்டும்.

மார்ச் 16

இன்னொன்று. மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்கு இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். 2016-இலும் 2024-இலும் அந்த நாளும் ஈஸ்டர் ஞாயிறும் ஒன்றாக வந்தன. ஓத அட்டவணைகள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் அச்சாகும். ஈஸ்டர் ஏப்ரலில் வந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். துணைக்குழுவில் ஒருவர் இதற்குப் பொறுப்பாக இருக்கட்டும். ஐந்து பேர் ஐந்து கைபேசியில் பார்த்தால் ஐந்து விடை வரும்.

மார்ச் 22

பள்ளிப் பிள்ளைகள் பிரிவு பற்றிக் கேட்ட தாய்க்கு. அவர்கள் இரவில் போவதில்லை. நான்கு நாள்: முதல் நாள் நியூபெரி வரை 34 மைல், அடுத்து மார்லோ வரை 36, பிறகு டெடிங்டன் பக்கத்து ஹாம் வரை 38, கடைசி நாள் 17. இரவில் முகாம். தூரம் அதேதான். ஆனால் குளிர், இருட்டு, தூக்கமின்மை மூன்றும் ஒன்றாகச் சேர விடுவதில்லை. அந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்த விதி. அனுப்புங்கள். முகாமில் உலர்ந்த காலுறை எத்தனை கொடுத்தாலும் போதாது.

மார்ச் 23

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, “அப்படியானால் பெரியவர்களுக்கும் நான்கு நாள்தானே பாதுகாப்பு, இரவுப் போட்டியை நிறுத்திவிடலாமே” என்கிறார் ஒருவர். இல்லை. இரவு முழுக்கப் போவதில் உள்ள ஈர்ப்பை நான் மறுக்கவே மாட்டேன். ஹங்கர்ஃபோர்டு தாண்டி இருட்டியபின், துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காத அந்த மணிநேரங்களுக்காகத்தான் மனிதர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். விதிகளை நான் ஆதரிப்பது அந்த இரவு தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காக. ஒரு சாவு நடந்தால் அதன்பின் அனுமதி கிடைக்காது.

மார்ச் 30

ஓதப் பகுதியில் பாலங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். தலைகீழ் முக்கோணமாக மூன்று சிவப்பு வட்டுகள் தொங்கினால் அந்த வளைவு மூடப்பட்டிருக்கிறது. வைக்கோல் கட்டு தொங்கினால் வேலை நடக்கிறது, உயரம் குறைந்திருக்கிறது. லண்டன் நகரின் நடுவில் இன்றும் வைக்கோல் கட்டுதான் அறிவிப்பு. எனக்கு அதைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு.

கடைசி மைல்களில் பயணிகள் படகுகள் எழுப்பும் அலை கரைச்சுவரில் மோதித் திரும்பி வரும். இரு பக்கத்திலிருந்தும் ஒழுங்கில்லாமல் குலுக்கும். படகு குறுகலானது, ஆள் களைத்திருப்பார். நூறு மைல் கவிழாமல் வந்தவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கவிழ்கிறார்கள். அந்தப் பகுதியில் மிதவைச் சட்டையைப் பற்றி யாரும் வாதாட வேண்டாம். துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், இடுப்பைத் தளர்த்தி, அலை கடக்கும்வரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: எல்லாம் வாங்கியாகிவிட்டது, தம்பியும் பயிற்சி முடித்துவிட்டான், இனி என்ன?

இனிதான் முக்கியமானது. தம்பியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்று போட்டிக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். போட்டியைக் கண்காணிக்கும் மார்ஷலுக்கு அந்த அதிகாரம் விதியிலேயே உண்டு. ஆனால் மார்ஷல் அவனை முன்பின் பார்த்ததில்லை. அவன் வழக்கத்துக்கு மாறாகப் பேசுகிறான் என்பது அக்காவான உங்களுக்குத்தான் தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு, “அக்கா, இன்னும் கொஞ்சம்தான், விடு” என்று அவன் சொல்லும்போது உங்கள் மனம் இளகும். மூளை குளிர்ந்தவன் தன் நிலையைத் தானே எடைபோட முடியாது. அதனால் அந்த நேரத்தில் அவன் சொல்லை ஏற்க மாட்டேன் என்று இப்போதே அவனிடம் சொல்லி, அவன் சம்மதத்தை வாங்குங்கள். வயது வந்தவன் தன் பொறுப்பில் எடுக்கும் முடிவு என்றால் இது ஒன்றைத்தான் நான் அப்படிச் சொல்வேன்: தெளிவான மனத்தோடு, முன்கூட்டியே, இன்னொருவர் கையில் நிறுத்தும் உரிமையைக் கொடுப்பது.

நாங்கள் செய்வது இது. ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று கேள்வி. அடுத்த லாக்கின் பெயர் என்ன? கடைசியாக என்ன சாப்பிட்டாய்? கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடு. இரண்டில் தடுமாறினால் படகிலிருந்து இறக்கி, உலர்ந்த துணி மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, மறுபடி கேட்போம். அப்போதும் தடுமாறினால் பதிவு நிலைக்குத் தகவல், பிறகு கார். விவாதமே கிடையாது. கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள், பழகிய மொழியில் தடுமாறினால் உடனே தெரியும்.

ஏப்ரல் 3

“அவன் வாழ்நாள் முழுக்க என்னை மன்னிக்க மாட்டான்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இறக்கிவிட்டவர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அடுத்த ஆண்டு துணைக்குழுவுக்கு என்னையே கூப்பிட்டார்.

ஏப்ரல் 4

விட்டுப்போன ஒன்று, விதிப் புத்தகத்தைப் படிப்பவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவது: கார் ஓட்டுபவர். தண்ணீரில் இருப்பவரைப் போலவே துணைக்குழுவும் இரவெல்லாம் விழித்திருக்கிறது. குறுகிய கிராமச் சாலைகள், ஒவ்வொரு பாலமாகத் தேடிப் பிடிக்கும் அவசரம், படகு முந்திவிடுமோ என்ற பதற்றம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் அந்தக் காரை நான் தடுப்பணைக்குச் சமமாக வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு ஓட்டுநர் வேண்டும், முடிந்தால் இரண்டு கார். ஒருவர் ரெடிங் வரை, அதாவது ட்ரெட்னாட் பதிவு நிலை வரை. மற்றவர் அதுவரை வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டு அங்கே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லா லாக்கிலும் நிற்க முயலாதீர்கள். எந்தெந்த இடத்தில் சந்திப்பது என்று எழுதித் தம்பியின் படகில் ஒட்டிவிடுங்கள், நடுவில் நீங்கள் இல்லையென்றால் அவன் பதறக் கூடாது. வெஸ்ட்மின்ஸ்டரில் முடித்ததும் அவனைக் காரில் பின்னால் படுக்க வைத்து, காலையில் புதிதாக எழுந்து ரயிலில் வந்த ஒருவர் ஓட்டட்டும். அந்த ஒருவர் யார் என்று இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள். உங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், ரெடிங்கிலிருந்து நான் வருகிறேன்.